சிப்பிக்கு ஒரு கேள்வி, மனிதனுக்கு வேறு கேள்வி: எட்கர் தர்ஸ்டன் அளந்ததும் அளக்காததும்

இங்கிலாந்தில் 2015-ல் ஒரு ஆய்வு வெளியானது. அந்த நாட்டில் வாழும் கறுப்பின ஆண்களில் 4 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. வெள்ளையர்களில் 8 பேரில் ஒருவர். ஆசியப் பின்னணி கொண்டவர்களில் 13 பேரில் ஒருவர். அமெரிக்காவிலும் நிலைமை மோசம்தான். கறுப்பின ஆண்கள் இந்த நோயால் இறக்கும் விகிதம் அங்கே வெள்ளையர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இதைக் கேட்டதும் பலருக்கும் சட்டுனு தோன்றும் பதில் ஒன்றுதான். அது அவங்க ரத்தத்துலயே இருக்கு, பிறவியிலேயே அப்படி. கேட்க ரொம்ப இயல்பான பதில் மாதிரி இருக்கும். ஆனால் மனித உடலை இனம், சாதி என்று பிரித்து, அளந்து, அட்டவணை போட்டு, அதுதான் அறிவியல் என்று நம்பவைக்க ஒரு தலைமுறையே உழைத்திருக்கிறது. அந்த உழைப்பில் பெரிய பங்கு நம்ம சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நடந்தது. செய்தவர் எட்கர் தர்ஸ்டன். அவர் தெற்குக் கடற்கரைக்கு வந்தது மனிதர்களை அளக்க இல்லை, சிப்பி பார்க்க.

மனநல விடுதியிலிருந்து மெட்ராஸுக்கு

தர்ஸ்டன் பிறந்தது 1855-ல். ஈட்டன் பள்ளி, பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம். 1877-ல் டாக்டர் பட்டயம் வாங்கி, கென்ட் மாவட்ட மனநல விடுதி ஒன்றில் வேலை பார்த்தார். அதன்பின் கிங்ஸ் கல்லூரி அருங்காட்சியகத்தின் பொறுப்பு. நோயாளியைவிடக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மாதிரிகள்தான் அவருக்குப் பிடித்தமானவை என்று இந்த வரிசையைப் பார்த்தாலே தெரிகிறது.

1885-ல், 30 வயதில், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தார். கூடவே சென்னை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பாடமும் எடுத்தார். 1908-ல் ஓய்வு பெறும்வரை 23 வருடங்கள் அந்த நாற்காலியில் இருந்தார். நாணயம், கடல் உயிரினம், மூடநம்பிக்கை, தீமிதி என்று கையில் கிடைத்ததையெல்லாம் குறித்து, எண் கொடுத்து, நூலாக்கிவிடும் மனுஷன். கிழக்கிந்திய கம்பெனி நாணயங்கள் பற்றி 1890-ல் எழுதினார். அதே வருடம்தான் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு குளிப்பு பற்றிய அவருடைய நூலும் வந்தது.

பார்களின் மர்மம்

தூத்துக்குடி முத்து என்றால் ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாக வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. முத்துச் சிப்பிகள் கரையிலிருந்து பல மைல் தள்ளி, கடலடியில் இருக்கும் பாறைத் திட்டுகளில் வளரும். கடற்கரை மக்கள் அவற்றைப் பார் என்பார்கள். ஒரு வருடம் பார் முழுக்கச் சிப்பிக் குஞ்சுகள் அப்பிக் கிடக்கும். முத்துக்குளிப்புக்குத் தேதி குறிக்கலாம் என்று அதிகாரிகள் சந்தோஷமாகக் கணக்குப் போடுவார்கள். அடுத்த சோதனையில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இருக்காது. 1860-களின் தொடக்கத்தில் நல்ல வரும்படி கிடைத்த பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேல் தூத்துக்குடி பார்கள் சர்க்காருக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. முத்து என்பது அரசின் கஜானா விவகாரம். அதனால் பதில் வேண்டியிருந்தது.

தர்ஸ்டன் 1887-ல் ராமேஸ்வரம் பக்கத் தீவுகளின் கடல் உயிரினங்களைத் திரட்டினார். கிடைத்த கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி என்ற நிபுணருக்கு அனுப்பிவைத்தார். 1889-ல் தூத்துக்குடியில் நீண்ட இடைவெளிக்குப் பின் முத்துக்குளிப்பு நடந்தபோது அதையும் கவனித்து எழுதினார்.

அந்தக் காட்சியை இன்றைக்குக் கற்பனை செய்வது கொஞ்சம் கஷ்டம். விடியும் முன்பே தோணிகள் பாருக்குக் கிளம்பிவிடும். குளியாளி காலில் ஒரு கல்லைக் கட்டி அல்லது மிதித்துக்கொண்டு கடலடிக்கு இறங்குவார். மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள். ஒரு மூச்சு என்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். இப்படி ஒரு நாளில் பல முறை. சுறா வராமல் மந்திரம் ஓத, கடல்கட்டி என்றே ஒருவர் உண்டு. பரவர், முஸ்லிம் என்று கடற்கரையின் பல தரப்பினரும் குளியாளிகள். கரைக்கு வந்த சிப்பிகளில் குளியாளிகளுக்கு ஒரு பங்கு போக மீதி சர்க்கார் கணக்கில் ஏலத்துக்குப் போகும். பரவர்களின் ஜாதித்தலைவனுக்குக் கிடைத்த தனி உரிமைகள் பற்றியும் தர்ஸ்டன் பின்னாளில் எழுதியிருக்கிறார். வாங்கியவர்கள் சிப்பியை அழுகவிட்டு, கழுவி, சேற்றைத் துழாவி முத்தைத் தேடுவார்கள். நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். முத்து முகாம்களில் எல்லோரும் பயந்தது காலராவுக்கு.

பார்களில் சிப்பி ஏன் காணாமல் போகிறது என்பதற்கு அந்தக் காலத்து முத்துத் துறைக்காரர்கள் தேடிய காரணங்கள்தான் இந்தக் கதையில் முக்கியம். நீரோட்டம் குஞ்சுகளை அடித்துக்கொண்டு போனதா? மணல் நகர்ந்து பாரை மூடியதா? திருக்கை தின்றதா? வேறு மட்டி மேலே படர்ந்து சிப்பியை நெரித்ததா? இடநெருக்கடியா? ஒரு பாரில் செழித்த சிப்பி இன்னொரு பாரில் செத்தால், இரண்டும் வேறு வேறு இனம் என்று யாரும் முதல் பதிலாகச் சொல்லவில்லை. இடத்தைத்தான் விசாரித்தார்கள்.

கடலிலிருந்து மலைக்கு

1890-களில் தர்ஸ்டனின் கவனம் மனிதர்கள் பக்கம் திரும்பியது. உயரம் அளக்கும் கோல், மண்டையின் அகலத்தையும் மூக்கையும் அளக்கும் கவராயம், கேமரா, பாட்டுப் பதிய ஒரு போனோகிராஃப். இவற்றைத் தூக்கிக்கொண்டு நீலகிரி, வயநாடு, ஆனைமலை என்று சுற்றினார். அருங்காட்சியகத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் அளந்தார்.

ஜனங்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அவரே சிரிப்போடு பதிவு செய்திருக்கிறார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்கள். தங்களில் நல்ல ஆட்களாகப் பார்த்துப் பிடித்து, பஞ்சடைத்து, மெட்ராஸ் மியூசியத்தில் வைக்கப்போகிறார் என்று பயம். நீலகிரியில் ஒரு இருளர், ஏதோ பழைய சில்லறை வழக்கில் போலீஸ் தேடிக்கொண்டிருந்தவர், உயரம் அளக்கும் கருவியைப் பார்த்துவிட்டு அது தூக்குமரம் என்று கிட்டவே வர மறுத்துவிட்டார். தர்ஸ்டனுக்கு இவை ஜோக். ஆனால் யோசித்தால் இரண்டு பேருமே பெரிதாகத் தப்பாகக் கணிக்கவில்லை. பஞ்சடைக்கவில்லையே தவிர, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற பார்வை அதேதான். போலீஸ் விஷயமும் வெறும் கற்பனை இல்லை. கைரேகை முறை நிலைபெறும் முன், குற்றவாளிகளை உடல் அளவுகளால் அடையாளம் காணும் பெர்டிலியன் முறை பிரபலமாக இருந்தது. அந்த அளவீட்டில் போலீஸாருக்குப் பயிற்சி கொடுத்தவர் தர்ஸ்டன்.

மூக்கு விவகாரம் எங்கிருந்து வந்தது? ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது நாசிக் குறியீடு. மூக்கு அகலமாக அகலமாக ஒருவரின் சாதி அந்தஸ்து இறங்கும் என்பது ரிஸ்லியின் கோட்பாடு. இன்றைக்கு வாட்ஸ்அப் ஃபார்வேர்டு ரகம். அன்றைக்கு அரசாங்கக் கொள்கை. 1901-ல் இந்தியா முழுமைக்குமான இனவரைவியல் கணக்கெடுப்பு தொடங்கியபோது சென்னை மாகாணத்துக்குப் பொறுப்பாளர் தர்ஸ்டன்.

அதன் விளைவுதான் 1909-ல் வந்த 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்', 7 தொகுதிகள். அருங்காட்சியகத்தில் உடன் வேலை பார்த்த கே.ரங்காச்சாரியின் பெயரும் அட்டையில் உண்டு. 6-வது தொகுதியில் பரவர் வருகிறார்கள். முன்னுரையில் இப்போதைய தூத்துக்குடி மாவட்டத்தின் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரியா தோண்டியெடுத்த பழைய மண்டையோடுகளின் அளவுகளும் வருகின்றன. உயிரோடு இருப்பவர், செத்து ஆயிரக்கணக்கான வருடம் ஆனவர், எல்லோருக்கும் ஒரே அட்டவணை.

நியாயமாகச் சொன்னால், அந்தத் தொகுதிகள் வெறும் மூக்குக் கணக்கு இல்லை. சடங்கு, பாட்டு, தொழில், உள்ளூர்க் கதை என்று வேறெங்கும் பதிவாகாத பல விஷயங்கள் அவற்றில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சாதி வரலாறு எழுதும் யாரும் இன்றும் அவரைத் தொடாமல் போவதில்லை. தப்பு அந்த அளவுகளை வைத்து அவர் எதைக் காண முயன்றார் என்பதில் இருக்கிறது.

சொல்லப்போனால் அவருடைய எண்களே ரிஸ்லிக்கு முழுசாக ஒத்துழைக்கவில்லை. காட்டில் வாழ்ந்த குறும்பர்களுக்கும், மைசூர், பெல்லாரிப் பக்கம் ஊர்களில் வாழ்ந்த குறுபர்களுக்கும் உயரமும் மூக்களவும் வேறுபட்டதை அவரே அட்டவணை போட்டுக் காட்டினார். 1932-ல் சமூகவியலாளர் ஜி.எஸ்.குரியே இந்த அளவுகளையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்து, மூக்குக்கும் சாதி வரிசைக்கும் இருப்பதாகச் சொல்லப்பட்ட பொருத்தம் வட இந்தியாவின் ஒரு பகுதியைத் தாண்டினால் நிற்கவில்லை, சென்னை மாகாணத்திலும் நிற்கவில்லை என்று காட்டினார்.

அதே வருடம், நியூயார்க்கில்

தர்ஸ்டன் ஓய்வு பெற்றது 1908. அதே வருடம் அமெரிக்காவில் ஃப்ரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியலாளர் இதே மாதிரிக் கவராயத்தோடு வேலையை ஆரம்பித்தார். ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என ஏறத்தாழ 18,000 பேரை அளந்தார். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் தலை வடிவம் அவர்களின் பெற்றோரிடமிருந்து சற்று விலகியிருந்தது. ஒரே தலைமுறைதான். இனத்தின் மாறாத முத்திரை என்று நம்பப்பட்ட மண்டையோடே இடம் மாறியதும் அசைகிறது. மாற்றம் எவ்வளவு பெரியது என்பதில் பின்னாளில் சர்ச்சை எழுந்தாலும், போவாஸ் கேட்ட கேள்விதான் நிலைத்தது. அது சிப்பிக்குக் கேட்ட அதே கேள்வி. எங்கே வளர்ந்தது?

அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் கிடைக்க இன்னும் 30 வருடங்கள் ஆனது. 1942-ல் கான்ராட் வாடிங்டன் எபிஜெனெடிக்ஸ் என்ற சொல்லை உருவாக்கினார். தற்செயலாக, அவருக்கும் சென்னை மாகாணத்துக்கும் தொடர்பு உண்டு. அவருடைய அப்பா வயநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வாடிங்டனின் முதல் சில வருடங்கள் அங்கேதான் கழிந்தன. பணியர் பெண்கள் தர்ஸ்டனைக் கண்டு ஓடிய அதே வயநாடு.

எபிஜெனெடிக்ஸ் என்றால் என்ன? டி.என்.ஏ.வை ஒரு பெரிய வீட்டின் மின் இணைப்பு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். வயரிங் பிறக்கும்போதே போட்டாச்சு. ஆனால் எந்த அறையில் விளக்கு எரியணும், எது அணைந்திருக்கணும் என்பதை சுவிட்சுகள் தீர்மானிக்கின்றன. மெத்தில் என்ற சின்ன வேதிக்குழு ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் போய் ஒட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் அணைந்துவிடும். எழுத்து மாறாது, படிப்பது நின்றுவிடும். வயது, புகை, உணவு, தொற்று, நீடித்த மன அழுத்தம் எல்லாம் இந்த சுவிட்சுகளைத் தொடக்கூடியவை.

புராஸ்டேட் புற்றுநோயில் இதற்கு ஒரு பாடப்புத்தக உதாரணம் இருக்கிறது. ஜிஎஸ்டிபி1 என்ற மரபணு, செல்லுக்குள் வரும் நச்சுகளைச் செயலிழக்கச் செய்யும் வேலைக்காரன். 1994-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புராஸ்டேட் கட்டிகளில் இந்த மரபணு உடையாமலேயே மெத்தில் ஒட்டி அணைந்துகிடப்பதைக் கண்டார்கள். இன்று தெரிந்தவரை ஏறத்தாழ 90 சதவீதக் கட்டிகளில் இதுதான் நிலை.

சரி, இனங்களுக்கு இடையிலான வித்தியாசத்துக்கு வருவோம். கறுப்பின, வெள்ளையின ஆண்களின் புராஸ்டேட் திசுக்களை ஒப்பிட்ட சில ஆய்வுகளில், சில மரபணுக்களில் மெத்தில் ஒட்டியிருக்கும் அளவு வேறுபடுவது தெரிந்தது. புற்றுநோய் வராத இயல்பான திசுவிலேயே இப்படி வேறுபட்டதும் உண்டு. இங்கேதான் கவனமாக இருக்கணும். சுவிட்ச் அணைந்திருக்கிறது என்றால் யாரோ, எதுவோ அணைத்திருக்கிறது என்று அர்த்தம். தோல் நிறம்தான் அணைத்தது என்று முடிவுகட்டினால் மெத்திலும் ஒரு புதுக் கவராயம் ஆகிவிடும். ரிஸ்லிக்கு மூக்கு, நமக்கு மெத்தில், அவ்வளவுதான் வித்தியாசம்.

மரபுக்குப் பங்கே இல்லையா என்றால், இருக்கு. 8-வது குரோமோசோமின் ஒரு பகுதியில் இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் மாறுபாடுகள் உள்ளன என்பது 2006, 2007-ல் உறுதியானது. அவற்றில் சில ஆப்பிரிக்க வம்சாவளியில் அதிகம். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி சிகிச்சை கிடைக்கும். அங்கே சிகிச்சை பெற்றவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, கறுப்பின நோயாளிகளின் இறப்பு விகிதத்தில் இருந்த அந்தப் பெரிய இடைவெளி காணாமல் போனது. முதலில் சொன்ன இங்கிலாந்து ஆய்விலும் இப்படி ஒரு விஷயம் உண்டு. நோய் கண்டறியப்பட்ட பின் அதனால் இறக்கும் வாய்ப்பு, கறுப்பினத்தவர், வெள்ளையர், ஆசியர் மூவருக்குமே ஏறத்தாழ மூன்றில் ஒன்று. ஆக, நோய் வருவதில் உள்ள வித்தியாசம் வேறு, அதனால் சாவதில் உள்ள வித்தியாசம் வேறு. இரண்டாவதில் ஆஸ்பத்திரிக் கதவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

நம்ம ஆட்களுக்கும் இதில் நேரடி சம்பந்தம் உண்டு. இந்தியாவில் புராஸ்டேட் புற்றுநோய் பதிவாகும் விகிதம் மேலை நாடுகளைவிடக் குறைவு. ஆனால் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ குடியேறிய இந்திய ஆண்களிடம் ஊரில் இருப்பவர்களைவிட அதிகம். ஹவாய்க்குப் போன ஜப்பானியர்களிடமும் இதே மாற்றம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்தது. அங்கே பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை அதிகம் செய்வதால் நோய் அதிகம் கண்ணில் படுகிறது என்பது ஒரு காரணம். உணவு, உடல் எடை, வாழ்க்கை முறை இன்னொரு பக்கம். தூத்துக்குடியில் பிறந்து லண்டனில் வேலை பார்க்கும் ஒருவர் மருத்துவமனைப் படிவத்தில் ஆசியர் என்ற கட்டத்தில் டிக் அடிக்கிறார். 13-ல் ஒன்று என்ற கணக்கு அவருக்குப் பொருந்துமா? அவருடைய அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த நோய் வந்திருந்தால் அந்தக் கட்டத்தைவிட அந்தத் தகவல்தான் டாக்டருக்கு உதவும்.

கார்ன்வாலில் ஒரு தோட்டக்காரர்

தர்ஸ்டன் போன பிறகு அவர் விட்டுச்சென்றவை அவரவர் வழியில் போயின. 1911-ல் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பிறப்பிலேயே குற்றவாளி என்று ஒரு சமூகத்தையே முத்திரை குத்த, பிறப்பு உடலில் எழுதியிருக்கிறது என்ற நம்பிக்கை ரொம்பவே தேவைப்பட்டது. தூத்துக்குடி பார்களோ பழைய மாதிரியே கண்ணாமூச்சி ஆடின. 1955-க்கும் 1961-க்கும் இடையே நடந்ததோடு பெரிய முத்துக்குளிப்புகள் நின்றுபோயின. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டார்கள். சிப்பிக்குத் தேவையான நீரையும் உணவையும் இடத்தையும் புரிந்துகொண்டு செய்த வேலை அது. கொம்புத் திருக்கை வகை ஒன்றுக்கு 1908-ல் சூட்டப்பட்ட மொபுலா தர்ஸ்டோனி என்ற அறிவியல் பெயரில் அவர் பெயர் இன்னும் கடலில் நீந்திக்கொண்டிருக்கிறது.

அவர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வாலில் குடியேறினார். 1912-ல் தென்னிந்திய சகுனங்கள், மூடநம்பிக்கைகள் பற்றி ஒரு நூல், 1913-ல் சென்னை மாகாணம் பற்றி ஒரு நூல். அதன்பிறகு செடிகொடிகள்தான். 1922-ல் சேம்பர் விகர்ஸ் என்பவரோடு சேர்ந்து கார்ன்வாலின் தாவரங்கள் பற்றிய பழைய நூல் ஒன்றுக்குப் பிற்சேர்க்கை வெளியிட்டார். எந்தச் செடி எந்த ஊரில், எந்த மாதிரி இடத்தில் முளைக்கிறது என்று தேடிப் போய்க் குறிக்கிற வேலை. 1935 அக்டோபர் 12-ல் பென்சான்ஸில், 80 வயதில் இறக்கும்வரை அந்தப் பக்கத்துச் செடிகளோடுதான் இருந்தார்.